மிதிவெடியும் முரளியும்
(வெள்ளவத்தையில் இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இயந்திர மனிதன் என்றவுடன் நம்மிற் பலருக்கு யப்பானும் அமெரிக்காவுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் இங்கிருந்து காலி வீதி வழியே சில மைல் சென்றாற் கட்டுபெத்தை வந்துவிடும். அங்குள்ள மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் நடைபெற்ற ஓர் ஆய்வைப் பற்றியே இன்று நாம் சிந்திக்க விரும்புகின்றோம்.

யுத்தம் விட்டுச்சென்ற மிதிவெடிகள் வடக்கு, கிழக்கு மண்ணிற் புதைந்து கிடந்தன. விறகு பொறுக்கச் சென்றவரும் மாடு மேய்க்கச் சென்றவரும் காலை இழந்தனர். இவ்வெடிகளைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம்? அவற்றுட் பல பிளாஸ்டிக்கால் ஆனவை. உள்ளிருக்கும் உலோகம் மிகச் சொற்பம். அச்சொற்பத்தையும் காட்டும்படி கருவியைக் கூர்மையாக்கினால், துருப்பிடித்த ஆணிக்கும் அது ஒலி எழுப்பும். ஒவ்வோர் ஒலிக்கும் ஒருவர் மண்டியிட்டு மண்ணைக் கிளற வேண்டும்.

இத்துயரைக் குறைக்கும் வழியைத் தேடியவர்களுள் கலாநிதி திரிஷாந்த நாணயக்காரவும் அவருடைய மாணவரும் அடங்குவர். அவர்கள் அமைத்த இயந்திரத்தின் பெயர் 'முரளி'. ஆங்கிலப் பெயரொன்றின் முதலெழுத்துக்கள் சேர்ந்து பிறந்த பெயர் அது. பற்றைக் காட்டிற் சக்கரம் சிக்கிக்கொள்ளும். ஆகவே முரளிக்குக் கால்களை அமைத்தனர். அடுத்து, வெடிமருந்தின் மணத்தை அறியப் பழக்கிய கீரியொன்றை இயந்திரத்துடன் பிணைத்தனர். 2008ஆம் ஆண்டில் இம்முயற்சி உலகின் கவனத்தைப் பெற்றது. கீரி முகர்ந்து தேடும், இயந்திரம் வழிநடத்தும், மனிதன் எட்ட நின்று இயக்குவான். பாம்புக்கு எமனான கீரி, மண்ணுக்குள் மறைந்த நஞ்சுக்கும் எமனாயிற்று.

முரளி வடக்கின் வயல்களையெல்லாம் துப்புரவாக்கிவிட்டது என்று நாம் கூறவரவில்லை. இன்றும் அவ்வேலை பெரும்பாலும் மனிதர் கையாலேயே நடைபெறுகின்றது. முகமாலை போன்ற இடங்களில் அதைச் செய்தவருள் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களும் பலர். இலங்கை 2017ஆம் ஆண்டில் மிதிவெடித் தடை உடன்பாட்டில் இணைந்தது. வெடிகளை அகற்ற அது விதித்த பத்தாண்டுத் தவணை 2028 யூன் வரையிலாகும்.

அப்படியாயின் ஆய்வு வீணா? இல்லை. ஆய்வுகூடத்தில் இயந்திரம் தடுக்கி விழுந்தால் திருத்திக்கொள்ளலாம். வயலில் ஒரு தாயின் கை தவறினால் எதைத் திருத்துவது? அந்தத் தாயின் இடத்தில் இயந்திரத்தை நிறுத்த முயல்வதே ஒரு பீடத்தின் கடமை. தெற்கில் இருந்த பீடமொன்று வடக்கின் வேதனையைத் தன் ஆய்வுப் பொருளாக ஏற்றதை நாம் மறத்தலாகாது. இயந்திரவியல் மட்டும் அதற்குப் போதவில்லை. மின்னணுவியலும் கணினியும் விலங்கின் இயல்பறியும் அறிவும் கைகோக்க வேண்டியிருந்தன.

பிள்ளை எஞ்சினியராக வேண்டுமென்று விரும்பாத பெற்றோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அரியர். அவ்விருப்பம் நன்று. ஆனால் பட்டம் பெற்றதும் எந்த நாட்டுக்குப் போகலாம் என்று கேட்கும் நாம், எவருடைய துயரைத் தீர்க்கலாம் என்றும் கேட்கப் பழக வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் இன்று கிளிநொச்சியில், யுத்தம் மிதித்த மண்ணிலேயே நிற்கின்றது. அங்கோ கட்டுபெத்தையிலோ பேராதனையிலோ கற்கச் செல்லும் நம் இளைஞர், தம் முதல் ஆய்வுக்கான வினாவை அம்மண்ணிலிருந்தே எடுப்பாராக.