பதிப்புரிமை என்னும் பூட்டும் ஏலமலைப் பிள்ளைகளின் கைப்பேசியும்

(சிலமலையில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே இருப்பவர்களில் பலருடைய அம்மா விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். அவர் பறித்த ஏலக்காய் போடியில் கணினித் திரையில் ஏலம் போகிறது. அவருடைய பிள்ளையின் கைப்பேசித் திரைக்கு மட்டும் ஒரு பாடக்கட்டுரை வந்து சேர மறுக்கிறது. ஏன் என்று கேட்டால் இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று சிக்னல். இன்னொன்று 'காப்பிரைட்'. சிக்னலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவதைப் பற்றிப் பேசலாம்.

கொரோனாக் காலத்தில் நான் அறிந்த ஒரு கல்லூரியில், ஆசிரியர் ஒருவர் ஒரு நூலின் ஓர் இயலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'சட்டச் சிக்கல் வரும்' என்று நிர்வாகம் அதை நீக்கச் சொன்னது. அந்த நூலை விலைக்கு வாங்க அந்த வகுப்பில் ஒருவராலும் முடியாது. நூலகமோ பூட்டிக் கிடந்தது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று யாரும் கேட்கவில்லை.

பிரிவு இருக்கிறது, ஆனால் அது மாணவர் பக்கம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52(1)(i): கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பது உரிமை மீறல் ஆகாது.

இதன் பொருளை நீதிமன்றத்தில் நிலைநாட்ட ஒரு ஜெராக்ஸ் கடை தேவைப்பட்டது. தில்லிப் பொருளியல் பள்ளி வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி கடை மீதும் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. பாடத்திட்டத்தில் உள்ள இயல்களைத் தொகுத்து நகலெடுத்து விற்றதுதான் குற்றமாம். மாணவர்கள் சங்கமாகத் திரண்டு வழக்கில் தங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 2016 செப்டம்பரில் நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை தெய்வம் கொடுத்ததோ இயற்கையாய் வந்ததோ அல்ல என்பது அவர் பார்வை. அந்தக் காலத்தில் மாணவர் கையால் பக்கம் பக்கமாகப் படியெடுத்தது தவறில்லை என்றால், இயந்திரம் வந்துவிட்டதாலேயே அது குற்றமாகிவிடாது என்றும் வாதிட்டார். அந்த டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, எந்தப் பகுதிகள் பாடத்துக்குத் தேவை என்ற கேள்வியை விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. இத்தனை பக்கம்தான் என்று சட்டம் வரம்பு கட்டவில்லை, கற்பித்தலின் நோக்கத்துக்குத் தேவையா என்பதே அளவுகோல் என்றது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன.

அது தாள் நகல் பற்றிய வழக்கு என்பது உண்மைதான். ஆனால் அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, மின்னணு முறையில் சேமிப்பதையும் நகலெடுத்தல் என்றே சொல்கிறது. ஆகவே பாடத்துக்குத் தேவையான இயலை, நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் போட்டு, தன் வகுப்பு மாணவருக்கு மட்டும் அனுப்புகிற ஆசிரியர் திருடர் அல்லர். அதையே ஊருக்கெல்லாம் திறந்த டெலிகிராம் சேனலில் ஏற்றுவது வேறு. அதற்கு இந்தப் பிரிவு குடை பிடிக்காது.

இன்னொன்றையும் ஆசிரியர்கள் மறந்துவிடுகிறார்கள். பதிப்புரிமை காப்பது எழுதிய விதத்தைத்தான், கருத்தை அல்ல. கருத்துக்குச் சொந்தக்காரர் கிடையாது. ஐம்பது பக்க ஆங்கிலக் கட்டுரையைத் தானே படித்து, தன் சொற்களில் நான்கு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதித் தர எவருடைய அனுமதியும் வேண்டாம். ஒரு மணி நேர வீடியோ தின்கிற டேட்டாவில் அப்படி எத்தனையோ குறிப்புகளை இறக்கிக்கொள்ளலாம். மலைமேல் சிக்னல் கிடைக்கும் பத்து நிமிடத்துக்கு ஏற்ற கற்பித்தல் அதுதான். உழைப்பு வேண்டும், அவ்வளவே. (சட்டத்துக்கு அஞ்சுவதாகச் சொல்கிறவர்கள் பலர் உண்மையில் அஞ்சுவது இந்த உழைப்புக்குத்தான் என்பது என் சந்தேகம்.)

கொரோனாவோடு இது முடியவில்லை. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் இணையவழியில் படிக்கலாம் என்று 2021இல் யுஜிசி விதி வகுத்துவிட்டது. எழுத்தை யார் வைத்திருப்பது என்ற பழைய சண்டை இனி இணையத்தில் நடக்கும். நம் இயக்கத்துக்கு அது புதிதும் அல்ல. பெரியாரின் குடிஅரசு எழுத்துகளை யார் வெளியிடலாம் என்ற வழக்கு நம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. 2009இல் நீதிபதி சந்துரு வெளியீட்டுக்குத் தடை விதிக்க மறுத்தார். அண்ணல் அம்பேத்கர் மறைந்து 60 ஆண்டுகள் முடிந்ததால் 2017 ஜனவரி முதல் அவர் வாழ்நாளில் வெளியான எழுத்துகள் பொதுவுடைமை. அவற்றை மாணவருக்கு அனுப்பவும் தயங்குகிற கல்லூரியிடம் கேளுங்கள், அது எந்தப் பிரிவுக்கு அஞ்சுகிறது என்று.

ஆய்வு இதழ்களின் கதை இன்னும் மோசம். 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று 2024 நவம்பரில் 6,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள், மூன்று ஆண்டுகளுக்கு. ஏறத்தாழ 13,000 இதழ்கள். நல்லது. ஆனால் அது அரசு நடத்தும் நிறுவனங்களுக்கு. கடன் வாங்கித் தனியார் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்த முதல் தலைமுறைப் பிள்ளை வெளியே நிற்கிறார். அவருக்கு இருந்த சை-ஹப் வாசலையும் 2025 ஆகஸ்டில் தில்லி உயர்நீதிமன்றம் அடைக்க உத்தரவிட்டது. அரசு பணத்தில் நடந்த ஆய்வை அரசு பணத்தில் திரும்ப வாங்கி, பாதிப் பேருக்குக் காட்டாமல் வைப்பதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆசிரியர் பக்கமும் ஒரு பூட்டு இருக்கிறது. கௌரவ விரிவுரையாளரின் வகுப்பைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வீடியோவை மட்டும் ஓட்ட நிர்வாகங்களால் முடியும். வேலையின் பகுதியாக உருவாக்கிய படைப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே போகிறது. ஆனால் விரிவுரை நிகழ்த்துபவரையும் நடிகர், பாடகர் வரிசையில் 'நிகழ்த்துநர்' என்று இதே சட்டம் ஏற்கிறது. ஆகவே கேமரா ஓடும் முன்பே, எத்தனை காலம், எந்த வகுப்புக்கு என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள் உங்கள் ஆசிரியர்களிடம். அவர்களுக்காக மாணவர் சங்கம் பேசலாம்.

52ஆம் பிரிவின் தமிழ்ச் சுருக்கத்தை இரண்டு பக்கமாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு படிதான் இருக்கிறது. போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். கேள்விகளை இப்போது கேட்கலாம்.