சிமென்ட் இறுகிய பிறகு



எலும்பு சிமென்டைக் குழைத்த எவருக்கும் அந்த நெடி மறக்காது. பொடியில் திரவத்தை ஊற்றியதுமே அறை முழுக்கப் பரவிவிடும். 2009-இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் அந்த நெடியே ஒரு கருவியானது. எலும்புப்புரையால் முள்ளெலும்பு நசுங்கியவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிமென்ட் செலுத்தப்பட்டது. மற்றவர்களும் அதே மேஜையில் குப்புறப் படுத்தார்கள். முதுகில் மரப்பு ஊசி ஏறியது. சிமென்ட் நெடியும் மூக்கில் ஏறியது. எலும்புக்குள் மட்டும் எதுவும் போகவில்லை. யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குச் சொல்லப்படவில்லை. பிறகு வலியை அளந்து பார்த்தால், இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஓர் ஆய்வில் 131 பேர், ஆஸ்திரேலிய ஆய்வில் 78 பேர். நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் இரண்டையும் ஒன்றாகவே வெளியிட்டது.

முதுகெலும்புத் துறை அதிர்ந்துபோனதற்குக் காரணம் இருந்தது. 1984-இல் பிரான்சின் அமியான் நகரில் கலிபேர், தெராமோன் என்ற இரு மருத்துவர்கள், ரத்தக்குழாய்க் கட்டி அரித்திருந்த ஒரு கழுத்து முள்ளெலும்புக்குள் ஊசி வழியே சிமென்டைச் செலுத்தினார்கள். அங்கே தொடங்கிய வெர்டிப்ரோபிளாஸ்டி, சில ஆண்டுகளில் எலும்புப்புரை முறிவுகளுக்கும் வந்தது. 1990-களின் இறுதியில் கைபோபிளாஸ்டி சேர்ந்தது: நசுங்கிய எலும்புக்குள் சிறு பலூனை ஊதி, இழந்த உயரத்தில் கொஞ்சத்தை மீட்டு, உண்டான குழியில் சிமென்டை நிரப்பும் முறை. படுக்கையில் புரள முடியாமல் அழுத பாட்டி மறுநாள் தானே எழுந்து கழிப்பறைக்கு நடந்ததைக் கண்ணால் கண்டவர்கள், ஆய்வை எப்படி உடனே ஏற்பார்கள்?

அவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. அந்த ஆய்வுகளில் ஓராண்டு வரை பழைய முறிவுகளும் இருந்தன. 2016-இல் லான்செட் இதழில் வந்த வேப்பர் ஆய்வு, முறிந்து ஆறு வாரத்துக்குள் கடும் வலியோடு வந்த 120 பேரை மட்டும் எடுத்தது. பதினான்காம் நாளில் வலி கணிசமாகத் தணிந்தவர்கள் சிமென்ட் தரப்பில் 44 சதவீதம், பாவனைச் சிகிச்சைத் தரப்பில் 21 சதவீதம். விவாதம் முடிந்தது என்று நினைத்தபோது, 2018-இல் நெதர்லாந்தின் வெர்டோஸ் 4 ஆய்வு, 180 பேரிடம், மீண்டும் வித்தியாசம் இல்லை என்றது.

இந்த முரண்பாட்டை மூடி மறைக்கத் தேவையில்லை. பெரும்பாலான முறிவுகளில் வலி சில வாரங்களில் தானே அடங்குகிறது. நசுங்கிய எலும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தது என்பதற்காகவே ஊசியை எடுப்பது தவறு. மருந்துக்கும் அடங்காத வலி, புதிய முறிவு, எம்.ஆர்.ஐ.யில் எலும்பு வீக்கம், விரலால் தட்டினால் அதே இடத்தில் வலி: இவை கூடிவரும் நோயாளிக்கே இந்தச் சிகிச்சை பொருத்தம். நம் நாட்டில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். முதுகெலும்புக் காசநோயும் மைலோமா என்ற புற்றுநோயும் இதே வேடத்தில் வரும். சந்தேகம் இருந்தால், சிமென்ட் போகும் அதே ஊசி வழியே முதலில் ஒரு துணுக்கு எலும்பு பரிசோதனைக்குப் போகட்டும்.

மேஜையில் சிமென்டைச் செலுத்துவது சில நிமிட வேலை. ஆனால் அந்த நிமிடங்களில் கண் திரையைவிட்டு நகரக் கூடாது. சி-ஆர்ம் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி ஊசி எலும்பின் காம்பு வழியே இறங்குகிறது. சிமென்ட் பற்பசைப் பதத்துக்கு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். நீர்த்திருக்கும்போதே தள்ளினால் சிரைக்குள் கசிந்து நுரையீரல் வரை போகலாம். பின்பக்கம் கசிந்தால் தண்டுவடத்தை அழுத்தலாம். திரையில் கருநிழல் எலும்பின் பின்விளிம்பை நெருங்கியதும் நிறுத்துபவரே தேர்ந்த கை.

இந்த மாநாடு அதிகம் பேச வேண்டியது அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி. சிமென்ட் ஓர் எலும்பைத் தாங்கும். நோய் மற்ற எலும்புகளில் அப்படியே இருக்கும். முள்ளெலும்பு முறிந்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொன்று முறிகிறது என்று 2001-இலேயே தெரிந்துவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் மூன்றாண்டுகளில் புதிய முள்ளெலும்பு முறிவை 70 சதவீதம் குறைத்ததை 2007-இல் வந்த ஆய்வு காட்டியது. எலும்பு வளர்க்கும் டெரிபாரடைடு ஊசியும் கையில் இருக்கிறது. இருந்தும் எத்தனை டிஸ்சார்ஜ் சீட்டுகளில் வலி மாத்திரையும் இடுப்புப் பட்டையும் மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றன! எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா பரிசோதனை இல்லை, வைட்டமின் டி அளவு இல்லை, ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு சாப்பிடுகிறாரா என்ற ஒற்றைக் கேள்விகூட இல்லை. அறுவை மருத்துவர் அது பொது மருத்துவரின் வேலை என்கிறார்; பொது மருத்துவரிடம் நோயாளி திரும்பிப் போவதே இல்லை.

ஆகவே இன்று ஆய்வுரை வழங்குவோரிடம் ஒரு வேண்டுகோள். ஊசிக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டும்போது, முறிந்து எத்தனை வாரம் ஆனது, எலும்புப்புரைக்கு எந்த மருந்து எந்தத் தேதியில் தொடங்கியது, ஓராண்டு கழித்து அந்த நோயாளி எப்படி இருக்கிறார் என்ற மூன்று தகவல்களையும் அதே பக்கத்தில் சேர்த்துக் காட்டுங்கள். மருந்து தொடங்கவில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். ஏன் தொடங்கவில்லை என்பதைப் பேச பிற்பகல் அமர்வில் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.