குழந்தையின் முதல் கஞ்சியும் ஒரு சென்ட் கேழ்வரகும்

உழவியல் கற்பிப்பவன் குழந்தை உணவைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் எண்ணக்கூடும். நான் பேசப்போவது கேழ்வரகைப் பற்றித்தான். அது களத்திலிருந்து குழந்தையின் வாய்க்குப் போகும் வழியில் நாம் செய்யும் ஒரு தவறு இருக்கிறது. அதை நானும் செய்திருக்கிறேன்.

பயிருக்கு அடியுரம் இடுகிறோம். ஒரு பருவம் வந்ததும் அது மட்டும் போதாமல் மேலுரம் இடுகிறோம். குழந்தைக்கும் அப்படி ஒரு பருவம் உண்டு. பிறந்தது முதல் ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே போதுமானது, தண்ணீர்கூடத் தேவையில்லை. அதன்பின் தாய்ப்பால் மட்டும் போதாது. தாயின் வயிற்றில் இருந்தபோது சேர்த்துவைத்த இரும்புச்சத்தும் அந்தச் சமயத்தில் குறைந்துவிடுகிறது. முன்பு நான்காம் மாதத்திலேயே இணை உணவைத் தொடங்கலாம் என்று சொல்லி வந்தார்கள். 2001-ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்று பரிந்துரைத்தது. இணை உணவு தொடங்கியதும் தாய்ப்பாலை நிறுத்திவிடக்கூடாது. இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும் கொடுக்கலாம்.

என் மகளுக்கு ஏழாம் மாதம் கேழ்வரகுக் கஞ்சி தொடங்கினோம். மாடம்பாக்கத்திலிருந்து வந்திருந்த என் தாயார் துணியில் வடிகட்டி, பால் போல நீர்க்கக் காய்ச்சிக் கொடுத்தார்கள். குழந்தையும் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தது. ஆனால் இரண்டு மாதமாக எடை ஏறவில்லை. அங்கன்வாடிப் பணியாளர் எடை அட்டையைப் பார்த்துவிட்டு, "வீட்டில் கஞ்சியைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள் சார். தண்ணீர் மாதிரி ஓடினால் அது கஞ்சி இல்லை" என்றார். அன்று மாலையே சாய்த்துப் பார்த்தேன். தண்ணீராகத்தான் ஓடிற்று. பயிருக்கு எத்தனை கிலோ தழைச்சத்து என்று வகுப்பில் கணக்குப் போடும் எனக்கு, மகளின் கிண்ணத்தில் எத்தனை கிராம் மாவு இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்தக் கணக்கை இப்போது பார்ப்போம். எட்டு மாதக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 200 முதல் 250 மில்லி வரைதான் கொள்ளும். ஆறு முதல் எட்டு மாதம் வரை, தாய்ப்பால் போக நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோ கலோரி இணை உணவிலிருந்து கிடைக்க வேண்டும். கேழ்வரகு மாவு 100 கிராமில் சுமார் 320 கிலோ கலோரி இருக்கிறது. நீர்த்த கஞ்சி ஒரு கிண்ணத்தில் 10 கிராம் மாவு இருந்தால் கிடைப்பது 32 கிலோ கலோரியே. வயிறு நிறைகிறது, குழந்தை வளரவில்லை. சரி, 30 கிராம் போடலாம் என்றால், கஞ்சி களியாக இறுகிவிடுகிறது. பல் முளைக்காத குழந்தையால் விழுங்க முடிவதில்லை. உடனே தண்ணீர் ஊற்றுகிறோம்.

இதற்கு வழி முளைகட்டுவதில் இருக்கிறது. தானியம் முளைக்கும்போது மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்னும் நொதி அதில் உண்டாகிறது. கஞ்சி சூடேறும்போது இந்த நொதி கெட்டித்தன்மையைத் தளர்த்திவிடுகிறது. ஆகவே 30 கிராம் மாவு போட்டாலும் குழந்தை விழுங்கும் பதத்திலேயே இருக்கும். இரும்புச்சத்து உடலில் சேருவதைத் தடுக்கும் பைட்டேட்டும் முளைகட்டுவதால் குறைகிறது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் முளைகட்டிய கேழ்வரகையும் பச்சைப்பயறையும் கலந்து இத்தகைய குழந்தை உணவை உருவாக்கினார்கள். பயறு சேர்ப்பதற்குக் காரணம், கேழ்வரகுப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் பயறில் நிறைய இருப்பதே.

செய்முறை எளிது. கேழ்வரகைக் கல், மண் நீக்கிக் கழுவி, இரவு முழுவதும் ஊற வைக்கவும். நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி, ஒன்றரை முதல் இரண்டு நாள் முளைக்க விடவும். நல்ல வெயிலில் காயவைத்து, முளையைத் தேய்த்துப் புடைத்துவிட்டு, இளஞ்சூட்டில் வாசனை வரும் அளவுக்கு மட்டும் வறுத்து அரைக்கவும். கருக வறுத்தால் நொதி அழிந்துவிடும். முளைகட்டிய பாடெல்லாம் வீண். பச்சைப்பயறையும் இவ்வாறே செய்து, ஏழு பங்கு கேழ்வரகுக்கு மூன்று பங்கு பயறு சேர்க்கலாம். கஞ்சி காய்ச்சும்போது மாவைக் கொதிநீரில் கொட்டக்கூடாது. பச்சைத் தண்ணீரில் கரைத்துச் சிறு தீயில் மெல்லச் சூடேற்றி, பிறகு நன்றாகக் கொதிக்க விட வேண்டும். இளஞ்சூடாக இருக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் நொதி வேலை செய்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைகட்டிய தானியம் காயாது. பூஞ்சை நெடி சிறிது வந்தாலும் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். கோடையிலேயே செய்து, காற்றுப் புகாத டப்பாவில் சிறிது சிறிதாக வைத்துக்கொள்வது நலம்.

இனி என் துறைக்கு வருகிறேன். செம்பாக்கத்திலும் முடிச்சூரிலும் ஏரி இருக்கிறது. ஆயக்கட்டில் பெரும்பகுதி மனைகளாகிவிட்டது. ஆயினும் கொல்லையில் ஒரு சென்ட் இடம் வைத்திருப்போர் இன்னும் உண்டு. ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். நாற்று விட 20 கிராம் விதை போதும். ஹெக்டேருக்கு 2,000 கிலோ என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 8 கிலோ கேழ்வரகு கிடைக்கும். நாளொன்றுக்கு 30 கிராம் வீதம் ஆறு மாதத்திற்கு ஐந்தரைக் கிலோ மாவுதான் தேவை. முளைகட்டுவதில், புடைப்பதில் ஏற்படும் சேதாரம் போகவும் இது போதும். 2004-இல் வெளியிடப்பட்ட கோ 14 போன்ற இரகங்கள் 105 முதல் 110 நாட்களில் அறுவடைக்கு வரும். குழந்தைக்கு இரண்டு மாதம் முடியும்போது நாற்று விட்டால், ஆறு மாதம் நிறையும்போது புதுக் கேழ்வரகு கையில் இருக்கும். அந்த மாதங்கள் அடைமழையில் விழுந்தால் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கும் நிலத்தில் கேழ்வரகு தேறாது.

கேழ்வரகு ஒன்றே எல்லாம் தந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அதில் சுண்ணாம்புச்சத்து மிகுதி. 100 கிராமில் 340 மில்லி கிராமுக்கும் மேல் இருக்கிறது. இரும்புச்சத்துக்கு முட்டை, மீன், ஈரல் வேண்டும். நன்றாக வேகவைத்த முட்டையை ஆறு மாதத்திற்குப் பின் கொடுக்கலாம், தள்ளிப்போடத் தேவையில்லை. புலால் உண்ணாதவர்கள் பருப்பும் கீரையும் மசித்துக் கொடுத்து, கூடவே கொய்யா, நெல்லி, எலுமிச்சை இவற்றில் ஒன்றையும் சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு சேரும். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, வெல்லம் வேண்டாம். தேன் கூடவே கூடாது. "உப்பில்லாமல் எப்படித்தான் உள்ளே இறங்கும்?" என்று பாட்டிமார் கேட்பார்கள். என் தாயாரும் கேட்டார்கள். குழந்தைக்கு நம் நாக்கு இல்லை.

1980-இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை சரிவர ஏறாத குழந்தைகளைக் கண்டறிந்து சத்துருண்டை கொடுத்தார்கள். மெலிவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தராசு சொல்லிவிடும். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவை வாங்கி வருவதுடன் எடை அட்டையையும் கேட்டுப் பாருங்கள். ஒரு மாதம் எடை ஏறவில்லையென்றால் கஞ்சியின் பதத்தைப் பாருங்கள். மறுமாதமும் ஏறவில்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். முளைமாவு தேவைப்படுவோர் கூட்டம் முடிந்ததும் முன்னால் வாருங்கள். அடுப்பு மூட்டி இரண்டு கஞ்சியையும் காய்ச்சிக் காட்டுகிறோம். கரண்டியை நீங்களே சாய்த்துப் பார்க்கலாம்.