புரோக்கர் யார் பக்கம்?

இன்னைக்கு எபிசோட் வீடு வாங்கப் போறவங்களுக்கு. லோன், வட்டி எல்லாம் இல்லை. நடுவுல நிக்கிற புரோக்கர் பத்தி.

சின்னக் கணக்கு ஒண்ணு. ஃப்ளாட் விலை 80 லட்சம். புரோக்கருக்கு நீங்க தர்றது 1 சதவீதம், அதாவது 80,000 ரூபாய். அவர் பேரம் பேசி 5 லட்சம் குறைச்சா, உங்களுக்கு 5 லட்சம் மிச்சம். அவருக்கு? 5,000 ரூபாய் நஷ்டம். விக்கிறவரும் அவருக்கு 1 சதவீதம் தர்றார்னா நஷ்டம் 10,000. அப்போ விலையைக் குறைக்க அவர் ஏன் மெனக்கெடணும்?

அவர் கெட்டவர்னு சொல்லலை. எங்க ஆபீஸ்ல யாரையும் தான் எழுதின கோடைத் தானே ரிவ்யூ பண்ணி அப்ரூவ் பண்ண விடமாட்டாங்க. நல்லவரா இருந்தாலும்தான்.

சட்டம் இருக்கா? 1872-லயே இருக்கு, இந்திய ஒப்பந்தச் சட்டம். அதுல 215-வது பிரிவு ஒரு கதையே சொல்லுது. ஒருத்தர் தன் நிலத்தை விக்கச் சொல்லி ஏஜென்ட்கிட்ட விடறார். நிலத்துல கனிமச் சுரங்கம் இருக்கறது ஏஜென்ட்டுக்குத் தெரிய வருது. அதை மறைச்சுட்டு, ‘நானே வாங்கிக்கறேன்’னு வாங்கிடறார். உண்மை தெரிஞ்சதும் உரிமையாளர் அந்த விற்பனையை ரத்து பண்ணலாம். அடுத்த பிரிவு 216. வீடு வாங்கித் தரச் சொன்னா, ‘அது கிடைக்காது’ன்னு சொல்லிட்டு ஏஜென்ட் தானே வாங்கிட்டார். அவர் கொடுத்த அதே விலைக்கு அந்த வீட்டை நீங்க கேட்டு வாங்கலாம்.

ஆனா இதுக்கெல்லாம் அவர் ‘உங்க’ ஏஜென்ட்டா இருக்கணும். விக்கிறவரோட ஆளா இருந்தா இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை.

2016 ரெரா சட்டமும் இருக்கு. ரெராவுல பதிவான ப்ராஜெக்ட்டை விக்கிற ஏஜென்ட்டும் பதிவு பண்ணியிருக்கணும், பொய்த் தகவல் சொல்லக் கூடாது. மீறினா ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் அபராதம், சொத்து விலையில 5 சதவீதம் வரைக்கும் போகலாம். ஆனா ஒருத்தர் குடியிருந்த பழைய ஃப்ளாட்டை வாங்கறப்போ பொதுவா ரெரா கைகொடுக்காது.

அதனால வீடு பார்க்கப் போறதுக்கு முன்னாடியே வாட்ஸப்ல மூணு கேள்வி அனுப்புங்க:

சார், நீங்க யாருக்காக வேலை பண்றீங்க?
யார் யார்கிட்ட எவ்வளவு கமிஷன் வாங்கறீங்க?
இந்த வீட்டுல உங்களுக்கோ உங்க குடும்பத்துக்கோ பங்கு இருக்கா?

பதிலும் எழுத்துல வரட்டும். ‘ரெண்டு பக்கமும் வாங்கறேன்’னு நேரா சொல்றவரோட தாராளமா போகலாம். பேரத்தை மட்டும் நீங்களே பேசுங்க. ‘அதெல்லாம் எதுக்கு தம்பி’ன்னு மழுப்பினா, வேற ஆளைப் பாருங்க.