வழிப்பிரிவில் ஒரு புல் முடிச்சு

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘காடும் ஆறும்: மிதிவண்டிப் பயணம்’. செயலாளர் இருபது நிமிடம் என்று சொல்லியிருக்கிறார். சமையல்கூடத்து வாசனை உங்களுக்கு வருகிற மாதிரி எனக்கும் வருகிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

முதலில் மாணவர்களுக்கு ஒரு கேள்வி. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிள் வாங்கியவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். பாதிக்கு மேல் தூக்கிவிட்டீர்கள். சரி, அந்த சைக்கிள் இப்போ எங்கே இருக்கு? சிரிக்கிறீர்கள். எனக்குத் தெரியும். வீட்டுப் பின்பக்கம் சுவரில் சாய்ந்து, டியூப் காய்ந்து, கேரியரில் விறகு அடுக்கி வைத்திருக்கும். 2001-02-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு எல்லோருக்கும் விரிந்த திட்டம் அது. எத்தனையோ கிராமத்துப் பெண்களைப் பள்ளிக்கூடத்தில் நிற்க வைத்த வண்டி. அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

‘மவுன்டன் பைக்’ என்றவுடன் கடையில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் விலை சொல்கிற வண்டி நினைவுக்கு வருகிறது. அது பணக்கார விளையாட்டு என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் அது பிறந்த கதையைக் கேளுங்கள். 1970-களில் அமெரிக்காவில், கலிபோர்னியாவில், டமல்பாயஸ் என்ற மலையடிவாரத்து இளைஞர்கள் முப்பது நாற்பது வருஷத்துப் பழைய கனத்த சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, மலை மண்பாதையில் இறக்கி ஓட்டினார்கள். தடித்த டயர், ஒரே கியர், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். 1976-ல் ஒரு செங்குத்தான பாதையில் பந்தயம் தொடங்கினார்கள். ஒரு தடவை இறங்கினால் பிரேக் சூடேறிப் புகைந்து, உள்ளே இருக்கிற கிரீஸ் எல்லாம் உருகிப் போய்விடும். திரும்பக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது, திரும்ப அடைப்பது என்று அர்த்தம். பழைய இரும்பு வண்டியில் பிறந்த அந்த விளையாட்டு 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஏறிவிட்டது. 2023 அக்டோபரில் நம் பக்கத்து மாநிலத்துப் பொன்முடியில் ஆசியப் போட்டியே நடந்தது. ஆகவே வண்டி ஒரு பொருட்டே இல்லை. வழிதான் பொருட்டு.

வழி என்று வந்தால் நம்மை மிஞ்ச ஆளில்லை. நம்ம மாவட்டத்துக் காடு, மலை, ஆற்றுக்கு ஒரு வழிகாட்டி நூல் இருக்கிறது. எழுதி ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷம் ஆகப் போகிறது. பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான மலைபடுகடாம். தமிழ்த்துறை நண்பர்கள் தலையாட்டுகிறார்கள். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசு வாங்கிவந்த ஒரு கூத்தர், எதிரே வரும் இன்னொரு கூத்தருக்கு வழி சொல்கிறார். அந்தச் செங்கண்மா இன்றைய செங்கம். அதில் வருகிற சேயாறு நம்ம செய்யாறு. நவிரம் என்கிற மலையைப் பர்வதமலை என்று சொல்கிறார்கள். 583 அடிகளில் வழிப்போக்கனுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. தினைப்புனத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்த பிறகு போ. யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் போ. பாம்புப் புற்று இருக்கிறது, பார்த்துப் போ. வழுக்குப் பாறையில் கொடியைப் பிடித்துக்கொள். எந்த ஊரில் என்ன சாப்பாடு போடுவார்கள் என்பது வரைக்கும் இருக்கிறது. ஆற்றங்கரையைப் பிடித்துப் போ என்பதும் அதில் வருகிற யோசனைதான்.

அந்தக் கடைசி யோசனையை வைத்துக்கொண்டு மூன்று வழி சொல்கிறேன். கியர் வண்டி இல்லாதவர்களுக்கும் முதல் இரண்டும் சரிப்படும்.

முதல் வழி, செய்யாற்றங்கரை. இங்கிருந்து செங்கம் சுமார் 35 கிலோமீட்டர். பஸ்ஸில் வண்டியை ஏற்றிப் போனாலும் குற்றமில்லை. செங்கத்திலிருந்து புதுப்பாளையம், காஞ்சி, கடலாடி, பூண்டி, கலசபாக்கம் என்று ஆற்றையொட்டிய ஊர்களைத் தொட்டுக்கொண்டே வரலாம். பெரும்பாலும் சமதளம். வலுவான ஏற்றம் கிடையாது. இந்தக் கரையில் கரைகண்டேஸ்வரர் கோயில்கள் ஏழு இருக்கின்றன. சப்த கரைகண்டம் என்பார்கள். காஞ்சி, கடலாடி, பூண்டி, குருவிமலை எல்லாம் அதில் சேர்த்திதான். ஏழு கோயிலையும் வரிசையாகத் தொட்டால் அதுவே ஒரு சைக்கிள் வழி. நம் முன்னோர் கல்லில் கட்டி வைத்துவிட்டுப் போன மைல்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணெதிரே பர்வதமலை கூடவே வரும்.

இரண்டாவது வழி, தென்பெண்ணை. சாத்தனூர் அணை இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். 1958-ல் முடிந்த அணை, 119 அடி உயரத்துக்கு நீர் நிற்கும், கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்த ஆறு கிருஷ்ணகிரியைத் தாண்டி இங்கே வந்து நின்று, திருக்கோவிலூர் பக்கம் போய், கடலூர் அருகே கடலில் சேர்கிறது. நம்ம ஊர்க் குழாயில் வருகிற தண்ணீரில் பெரும்பங்கு அது. குடிக்கிற தண்ணீர் வருகிற வழியில் ஒரு தடவையாவது மிதித்துப் போய்ப் பார்க்க வேண்டாமா?

மூன்றாவது, ஜவ்வாது மலை. இது கியர் வண்டிக்கும் கால் பழகினவர்களுக்கும்தான். போளூரிலிருந்து ஒரு சாலையும், செங்கத்திலிருந்து பரமனந்தல் வழியாக ஒரு சாலையும் ஜமுனாமரத்தூருக்கு ஏறுகின்றன. செய்யாறு பிறக்கிற மலை இது. மலையாளிப் பழங்குடி மக்களின் சாமை வயலும் பலாவும் புளியும் வழியெல்லாம் இருக்கும். மலை மேலே பீமன் அருவி. இன்னும் போனால் காவலூர் வானாய்வகம். 1986-லிருந்து அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி வானம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டு வேண்டும் என்றுதான் வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். மலையிறக்கத்தில் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். விட்டுவிட்டுப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் வண்டி உங்களைத் தூக்கி முன்னால் போடும். இரண்டையும் சேர்த்து, வளைவுக்கு முன்னாலேயே பிடியுங்கள், வளைவுக்குள்ளே அல்ல. கல்பாதையில் டயரில் காற்று கொஞ்சம் குறைவாக இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். பம்பு, பஞ்சர் சாமான், இரண்டு பாட்டில் தண்ணீர், தலைக்கவசம். விடிகாலையில் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் அடிவாரம் வந்துவிட வேண்டும். கரடி உள்ள காடு அது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சாலையும் வண்டிப்பாதையும் போதும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம்முடையதும் கோடையில் காய்கிற காடு. அண்ணாமலையார் மலைச்சரிவில் 1980-களின் கடைசியிலிருந்து பாடுபட்டு மரம் வளர்த்திருக்கிறார்கள். அங்கே டயர் ஓட்டித் தடம் போட்டால் அடுத்த மழையில் அந்தத் தடமே வாய்க்கால் ஆகி மண்ணை அரித்துக்கொண்டு போகும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் தார்ச்சாலை இருக்கிறது. பௌர்ணமி தவிர மற்ற நாளில், விடிகாலையில், பழகுவதற்கு அது தாராளமாகப் போதும்.

‘இதெல்லாம் பொழுதுபோக்குதானே சார், இதில் என்ன இருக்கு’ என்று கேட்கலாம். 2024 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் நம்ம மலையிலேயே மண் சரிந்து ஒரே வீட்டில் 7 பேர் போய்விட்டார்கள். சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தார்கள். அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே, திறந்து மூன்று மாதமே ஆன உயர்மட்டப் பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போனது. அன்றைக்கு எந்தத் தரைப்பாலம் முதலில் மூழ்கும், எந்த மேட்டு வழியில் சுற்றிப் போகலாம் என்று தெரிந்தவர்கள் கரையோரத்து மாடு மேய்ப்பவர்களும் பால்காரர்களும்தான். பட்டம் வாங்கிய நமக்கு அந்த ஆறு பஸ் ஜன்னலில் ஒரு நிமிடம் தெரிகிற மணல். அவ்வளவுதான். பஸ்ஸுக்கு ஆறு ஒரு பாலம். சைக்கிளுக்கு ஆறு என்றால் இறக்கம், ஈரக்காற்று, பிறகு ஏற்றம். கால் அதை மறக்காது. எங்கே மணல் போய்க் கட்டாந்தரை வந்துவிட்டது, எந்தக் கால்வாய் மேல் மனை போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்குத்தான் கண்ணில் படும். கண்ணில் படாத ஆற்றுக்காக எவன் வாய் திறப்பான்?

அதனால் நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். மலைபடுகடாத்தில் ஓர் அருமையான யோசனை வருகிறது. தெரியாத வழி பிரிகிற இடத்தில், பின்னால் வருபவர்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போ என்கிறார் அந்தக் கூத்தர். முன்னால் போனவன் கடமை அது. பழைய மாணவர் சங்கம் என்பதும் அதற்குத்தானே இருக்கிறது? வருஷா வருஷம் மலர் போடுகிறோம், மேடை போடுகிறோம். கூடவே இதையும் செய்வோம். பழைய சைக்கிள்கள் பத்தைச் செப்பனிட்டுக் கல்லூரியில் வைப்போம். செலவில் என் பங்கு முதலில். மாணவர்கள் மாதம் ஒரு ஞாயிறு ஆற்றங்கரை வழியில் போகட்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். எந்த ஊரில் குடிதண்ணீர் கிடைக்கும், பஞ்சர் கடை எங்கே, எந்தத் தரைப்பாலத்தில் எந்த மாதத்தில் தண்ணீர் ஓடுகிறது, எத்தனை அடி. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, 2024 வெள்ளம் எந்தச் சுவர் வரைக்கும் ஏறியது என்று குறித்து வையுங்கள். அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் அதே நோட்டில் தொடரட்டும். பத்து வருஷத்தில் அதுதான் இந்த மாவட்டத்தின் புது ஆற்றுப்படை.

தம்பி தங்கைகளே, படிப்பு முடிந்து நீங்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போவீர்கள். போக வேண்டியதுதான், நாங்களும் போனோம். போவதற்கு முன்னால் அந்தச் சுவரோரத்து வண்டியிலிருந்து விறகை இறக்கி, செயினுக்கு எண்ணெய் போட்டு, செய்யாறு வரைக்கும் ஒரு தடவை போய் வாருங்கள். ஒரு புல் முடிச்சாவது போட்டுவிட்டுப் போங்கள்.