பதினெட்டில் மூடும் கதவு
(குந்தாரப்பள்ளியில் ஆற்றிய உரை)



வெள்ளிதோறும் ஆட்டுச் சந்தை கூடும் ஊர் இது. ஒருபுறம் கிருஷ்ணகிரி, மறுபுறம் ஓசூர். இடையே ஓடும் நெடுஞ்சாலையில், ஆலைகளின் பேருந்துகள் நாள்தோறும் இளைஞரை ஏற்றிச் செல்கின்றன. வேலைக்கு ஆள் தேடும் இவ்வட்டாரத்தில், வாடகைக்கு ஓர் அறை கேட்டுப் பாருங்கள். "அப்பா என்ன செய்கிறார்?" என்பது முதல் கேள்வி, "முன்பணம் இருக்கிறதா?" என்பது அடுத்த கேள்வி.

இரண்டுக்கும் விடையில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள், தோழர்களே! குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். பதினெட்டு நிறைந்தால் நம் பிள்ளைக்கு வாக்குரிமை வந்ததென மகிழ்கிறோம். அந்தப் பிள்ளைக்கோ, உறங்கிய பாயும் உண்ட தட்டும் அன்றோடு அயலாகின்றன!

சட்டம் இல்லையா? இருக்கிறது! 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 46-ஆவது பிரிவில், வெளியேறுவோர்க்குப் பொருளுதவி 'வழங்கலாம்' என்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள், ஆறு முதல் எட்டுப் பேர் கூடித் தங்கும் வீடுகளைச் சொல்கின்றன. ஆதரவுக்கு 21 வயது, தனி நேர்வில் 23 வயது என எல்லை வகுக்கின்றன. 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாத உதவி 4,000 ரூபாய். சோறும் துணியும் வாடகையும் அதற்குள் அடங்குமா?

'வழங்கலாம்' என்பது 'வழங்கவேண்டும்' என மாறாதவரை, அப்பிள்ளையின் கூரை அதிகாரியின் மனத்தைப் பொறுத்ததே! இங்கிலாந்தில், வளர்ப்புக் குடும்பமும் பிள்ளையும் விரும்பினால், 21 வயதுவரை அங்கேயே தங்க உள்ளாட்சி உதவியாகவேண்டும் என 2014-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டது.

பணம் எங்கே என்பர். 2024 ஆகஸ்டில், திருப்பெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில், 706 கோடி ரூபாய்ச் செலவில், 18,720 தொழிலாளர் தங்கும் விடுதியைச் சிப்காட் திறந்தது. நல்ல பணி, பாராட்டுவோம். ஆலைக்கு ஆள் வேண்டுமென்றதும் கட்டில் போட முடிந்த அரசுக்கு, தாயாய்த் தந்தையாய்த் தானே பொறுப்பேற்ற பிள்ளைக்குக் கட்டில் போட முடியாதா? ஓசூர் வட்டாரத்தில் எழும் ஒவ்வொரு தொழிலாளர் குடியிருப்பிலும் இவர்களுக்கெனச் சில அறைகளை ஒதுக்குக எனக் கேட்போம்!

அதுவரை நாம் வாளாவிருப்பதா? உங்கள் ஒன்றியத்திலுள்ள இல்லத்திற்குச் செல்லுங்கள். இவ்வாண்டு பதினெட்டு நிறைவோர் எத்தனை பேர், எங்கே தங்குவர் எனக் கேளுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க உடன் செல்லுங்கள். அப்பன் பெயர் கேட்கும் வீட்டுக்காரரிடம், "இவனுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிக் கையெழுத்திடுங்கள். கழுத்தில் துண்டு அணிந்த நமக்கு அதைவிடப் பெரிய கட்சிப் பணி இவ்வாண்டு வேறில்லை!