சிறையை மூன்று வழிகளில் அறிந்த நீதிபதி

டெல்லியில் இன்று பட்டம் பெறும் இளம் வழக்கறிஞர்களே! நேரம் குறைவு. அதனால் ஒரே ஒரு மனிதரைப் பற்றி, அவரைக் கொண்டு நான் நிறுவ விரும்பும் ஒரே ஒரு கருத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1915-இல் பாலக்காட்டில் பிறந்தவர். வீட்டில் தமிழ் பேசிய குடும்பம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார், பிறகு சென்னையில் சட்டம் படித்தார். 1938-இல் அவர் தொழில் தொடங்கிய இடம் சென்னை உயர் நீதிமன்றம் அல்ல, அன்றைய மலபார் மாவட்டத்தின் தலச்சேரி. அவரிடம் வந்தவர்களில் குத்தகை விவசாயிகளும் தொழிலாளர்களும் நிறைய. கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948-இல் அவரைப் பிடித்து ஏறக்குறைய ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். 1952-இல் கூத்துப்பறம்புத் தொகுதியில் சுயேச்சையாக வென்று சென்னைச் சட்டமன்றம் வந்தார். 1957-இல் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் சட்டத்தோடு சிறைத் துறையும் அவர் பொறுப்பில் இருந்தது. 1968-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1973 ஜூலை முதல் 1980 நவம்பர் வரை உச்ச நீதிமன்ற நீதிபதி. என் கருத்து இதுதான்: தலச்சேரியில் அவரிடம் வழக்கோடு வந்தவர்களும் அரசியலும் அவருடைய நீதித்துறை வாழ்வுக்குத் தடையாக இருக்கவில்லை, அவர் தீர்ப்புகளின் வலிமையே அங்கிருந்துதான் வந்தது.

சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டாம், இதே டெல்லியில் திகார் சிறை இருக்கிறது. சுனில் பத்ரா என்ற மரண தண்டனைக் கைதி, மேல்முறையீடு முடியும் முன்பே தன்னைத் தனிமையில் அடைத்ததை எதிர்த்து வழக்குப் போட்டார். 1978 ஜனவரியில் தலைமை நீதிபதி பெக்கும், கிருஷ்ணய்யரும், நம் தமிழகத்து நீதிபதி பி.எஸ். கைலாசமும் சிறைக்கே நேரில் சென்று பார்த்தார்கள். மேல்முறையீடும் கருணை மனுவும் முடிந்து தண்டனை உறுதியாகும்வரை ஒருவரை மரண தண்டனைக் கைதி என்று தனித்து அடைக்க முடியாது என்று அரசியல் சாசன அமர்வு அந்த ஆண்டே தீர்ப்பளித்தது. அத்தோடு முடியவில்லை. அதே பத்ரா சிறைக்குள்ளிருந்து உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் தனக்காக எதையும் கேட்கவில்லை. பணம் பறிப்பதற்காக ஒரு வார்டர் இன்னொரு கைதியைக் கொடூரமாகச் சித்திரவதை செய்ததாக எழுதியிருந்தார். முத்திரைத்தாள் கிடையாது, வக்காலத்து கிடையாது, வழக்கு எண்ணும் கிடையாது. அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவாக ஏற்றது. இரண்டு வழக்கறிஞர்களைச் சிறைக்கு அனுப்பி உண்மையை அறிந்தது. கைதிகள் குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி, அதைத் திறந்து பார்க்கும் பொறுப்பு சிறைக்கு வெளியே உள்ள அதிகாரிகளுக்கு, மாவட்ட நீதிபதியின் நேரடிப் பார்வை, கைதிகளின் உரிமைகளைச் சொல்லும் கையேடு இந்தியில் என்று கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு உத்தரவுகளை அடுக்கியது. இந்த உத்தரவுகளைக் கூர்ந்து படியுங்கள். குறைப்பெட்டியின் பொறுப்பு சிறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது சட்டப் புத்தகம் மட்டும் படித்தவருக்கு அவ்வளவு எளிதில் தோன்றாது. கைதியாகவும், பிறகு சிறைத் துறை அமைச்சராகவும் இருந்தவருக்கு, புகார் எந்த மேசையில் காணாமல் போகும் என்பது தெரிந்திருந்தது.

மோதி ராம் வழக்கும் அப்படித்தான். மத்தியப் பிரதேசத்து ஏழைக் கொத்தனார் ஒருவருக்கு ஜாமீன் கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. அவருடைய சகோதரர் முன்வந்தார். அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். பிழைப்புக்காகத் தெற்கிலிருந்து வடக்கே வந்த தொழிலாளி இங்கே கைதானால், உள்ளூரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்ற கேள்வி அந்தத் தீர்ப்பின் உள்ளே இருக்கிறது. டெல்லியில் கூலி வேலைக்கு வந்த நம் ஊர்க்காரர்களை எண்ணிப் பார்த்தால் அதன் கனம் புரியும்.

என் கருத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கட்சி அமைச்சரவையில் இருந்தவரை நீதிபதியாக்கினால், நீதிமன்றத்தின் சுதந்திரம் என்னாவது? 1973-இல் இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர்கள் நேர்மையான வழக்கறிஞர்கள்தான். அதே ஆண்டு ஏப்ரலில் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டித் தலைமை நீதிபதியை அரசு நியமித்திருந்தது, சந்தேகம் இயல்பானது. அதற்குப் பதில் 1975 ஜூன் 24-இல் கிடைத்தது. தன் தேர்தல் வெற்றி செல்லாது என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிரதமர் இந்திரா காந்தி முழுத் தடை கேட்டார். நானி பால்கிவாலா வாதாடினார். விடுமுறைக்கால நீதிபதியாக இருந்த கிருஷ்ணய்யர், சட்ட அமைச்சர் சந்திக்க விரும்பியபோது மறுத்ததைப் பின்னாளில் அவரே பதிவு செய்திருக்கிறார். பிரதமர் பதவியில் தொடரலாம், நாடாளுமன்றத்தில் பேசலாம், ஆனால் உறுப்பினராக வாக்களிக்கவோ ஊதியம் பெறவோ கூடாது என்பது அவர் இட்ட நிபந்தனை. மறுநாள் இரவே நெருக்கடி நிலை வந்தது. தன்னை நியமித்த அரசின் தலைவருக்கு, கேட்டதை முழுதாகக் கொடுக்காதவர் அவர். இந்த ஒன்றை வைத்து எல்லா அரசியல்வாதிகளையும் நீதிபதியாக்கலாம் என்று நான் சொல்லவில்லை. பதவி தந்தவருக்கு நன்றிக்கடன் செலுத்த வருபவர் நீதிபதியின் இருக்கையைக் கெடுப்பார். வாழ்ந்த அனுபவம் உள்ளவர் நடுநிலையோடு இருக்க முடியாது என்ற வாதத்தை மட்டுமே மறுக்கிறேன்.

இன்னொரு குறையை நான் ஒப்புக்கொள்கிறேன். அவருடைய ஆங்கிலம் கடினமானது, அலங்காரம் மிகுந்தது. எந்த ஏழைக்காக எழுதினாரோ அவரால் அதை வாசிக்க முடியாது. பல வழக்கறிஞர்களே திணறுவார்கள். மரண தண்டனையை மிகவும் சுருக்க முயன்ற அவருடைய 1979 தீர்ப்பின் நிலைப்பாட்டை, அடுத்த ஆண்டே பச்சன் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு ஏற்கவில்லை. எல்லாவற்றிலும் அவர் வென்றார் என்று சொன்னால் அது புகழுரை ஆகிவிடும். ஆனால் இலவசச் சட்ட உதவியில் அவர் ஊன்றியது நின்றது. 1973-இல் அவர் தலைமையிலான குழு அறிக்கை தந்தது, 1976-இல் அரசியல் சாசனத்தில் 39-ஏ பிரிவு வந்தது, 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் நிறைவேறியது.

சட்டம் இருக்கிறது; நிலைமை என்ன? 2022-ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூவர் மீது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அவர்களில் எத்தனையோ மோதி ராம்கள் இருப்பார்கள். பெரிய நிறுவனங்களின் வேலை உங்களில் பலருக்குக் காத்திருக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன், கல்விக் கடன் கட்ட வேண்டும். ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன். பார் கவுன்சிலில் பதிவு செய்த முதல் ஆண்டிலேயே, டெல்லியின் தீஸ் ஹசாரி, சாகேத் நீதிமன்றங்களோ உங்கள் சொந்த ஊரோ, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் கொடுங்கள். ஜாமீன் உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் சிறைக்குள் இருப்பவரின் வழக்குக் கட்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அவர் வெளியே வரும்வரை அந்தக் கட்டைக் கீழே வைக்காதீர்கள்.